காற்று ஊசியும் கரி லாரியும்

தோட்ட ஆஸ்பத்திரிகளில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களை இப்போது மருத்துவ உதவியாளர் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். எங்கள் காலத்தில் டிரசர். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் பிரசவத்திலிருந்து பிரேதம் வரை எல்லாம் அவன் தலையில்தான் விடியும். நான் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. சீசா கழுவ வந்தவன், சீசாவின் மேல் ஒட்டியிருந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதுதான் என் கல்லூரி.

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று லயத்து ஆட்கள், வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளிகள், என்னைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு ஒரு நாள் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பழமொழிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியை எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எப்போது போடக்கூடாது என்பதை எனக்கு ஒருத்தி செத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவள் பெயர் அஞ்சலை.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். சுவா என்ற ஊருக்கு உட்புறம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரசர். மாதம் இருமுறை வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் சண்டை தொடங்கியதும் காணாமற் போனார். பால் வெட்டு நின்று, மரங்களைச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நட்டார்கள். மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். அரிசியைக் கண்ணால் பார்த்தவன் அன்றைக்கு அதிர்ஷ்டக்காரன். சத்தில்லாத உடம்பில் சின்னக் கீறல் விழுந்தாலும் அது குழிப்புண்ணாகிவிடும், எலும்பு தெரியும். காலில் புண் இல்லாதவரைத் தோட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலில் புண் என்றால் அதே பக்கத்துத் தொடையிடுக்கில் நெறி கட்டும், கட்டிபோல் வீங்கும். அதற்கு யாரும் ஆஸ்பத்திரிக்குக்கூட வரமாட்டார்கள். சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

துணியும் இல்லை. கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களைச் சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அஞ்சலையின் புருஷன் முனியனும் அதில் அகப்பட்டான். லாரியில் ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “டிரசரண்ணே, வீட்டுல ரெண்டு உசுரு இருக்கு. பாத்துக்குங்க.”

“நீ போயிட்டு வாடா. நான் இருக்கேன்ல,” என்றேன்.

சொல்ல எவ்வளவு சுலபமான வார்த்தை பாருங்கள்.

டாக்டர் விட்டுப்போன அலமாரியில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு டஜன் கண்ணாடிக் குப்பிகள். கூடவே மடித்த ஆங்கிலத் தாள். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். நின்றுபோன குடலை மறுபடி நகரச் செய்யும் மருந்து அது. நிமோனியாவிலோ விஷக்காய்ச்சலிலோ, வயிற்றைக் கிழித்து வைத்தியம் செய்த பிறகோ, சில பேருக்குக் குடல் அப்படியே மரத்துப் போகும். காற்று பிரியாது. வயிறு பறைபோல் உப்பும். அங்கே இது வேலை செய்யும்.

எப்படி என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நரம்பின் நுனியில் ஒரு சாறு ஊறுகிறது. அது குடலைப் பார்த்து ‘நகரு’ என்கிறது. வேலை முடிந்ததும் அந்தச் சாற்றைத் துடைத்துவிட உடம்பிலேயே இன்னொரு பொருள் இருக்கிறது. இந்த மருந்து, துடைக்கிறவன் கையைப் பிடித்துக்கொள்ளும். சாறு தேங்கத் தேங்க, குடலுக்கு ‘நகரு, நகரு’ என்று ஓயாத ஏவல்.

ஆனால் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அதை என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் கையாலேயே தமிழில் எழுதி வைத்தேன்: ‘குடல் தூங்கினால் போடு. குடல் அடைபட்டிருந்தால் போடாதே.’

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது காற்று பிரிந்தது என்றெல்லாம் குறித்து வந்தேன். அதை ‘ஆராய்ச்சி’ என்றே மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். முதலில் போட்டது நிமோனியாவில் கிடந்த ஒரு கிழவருக்கு. மூச்சு முட்டும் அளவு வயிறு உப்பியிருந்தது. ஊசி போட்டு அரை மணி நேரம் இருக்கும், அவர் விட்ட காற்றில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. “சயாமுக்கு ரயில் கெளம்பிருச்சுடா!” என்று ஒருவன் கத்தினான். அந்த நாளில் அந்த வார்டில் அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அதற்குக் காற்று ஊசி என்று பெயர். அடுத்து இரண்டு பேருக்கும் பலித்தது. மூன்று பேர் பிழைத்ததும் நான் பாதி டாக்டராகிவிட்டேன். என் நினைப்பில், முழு டாக்டர்.

வார்டில் என்னோடு இருந்தவர் ஆயாம்மா தனபாக்கியம். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவர்தான். வாயைத் திறந்தால் பழமொழி; இல்லாவிட்டால் அவரே ஒன்றைச் செய்துவிடுவார். மருந்து வேலை செய்யும் விதத்தை ஒரு நாள் பெருமையாக விளக்கியபோது, “அதாவது, வெரட்டி வேல வாங்குற கங்காணி வாயை மூட ஆளில்லாமப் பண்ற மருந்துன்னு சொல்லுங்க,” என்றார். நான் ஒரு வாரம் பாடுபட்டதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பெண் நோயாளிகள் விஷயத்தில் எங்களுக்குள் ஓர் எல்லை இருந்தது. தொப்புளுக்கு மேலே நான், கீழே ஆயாம்மா. யாரும் எழுதி வைத்ததில்லை. ஆண் டிரசர் பெண்ணின் துணியை விலக்கினான் என்று பேச்சு வந்தால் அடுத்த நாள் ஒரு பெண்ணும் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாள். ‘டிரசர் தங்கமானவரு, தரையப் பாத்துத்தான் பேசுவாரு’ என்று லயத்துப் பெண்கள் சொல்வார்கள். அந்த நல்ல பெயரை நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன்.

ஒரு சாயங்காலம் அஞ்சலையைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்று நாளாக வெளியே போகவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி. இடது பாதத்தில் எல்லாரையும் போல ஒரு குழிப்புண். முதல் நாள் இரவு ஆயாம்மா பார்த்துக்கொண்டார். காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நான் வார்டுக்குள் நுழைந்தேன்.

வாசலில் லாரி நின்றது. அது பெட்ரோல் இல்லாத காலத்துக் கரி லாரி. முதுகில் ஒரு பீப்பாய் அடுப்பு, அதில் கரியை எரித்து வரும் புகையில்தான் ஓடும். மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு தினம் ஒரு முறை, பெரிய ஆஸ்பத்திரி இருந்த சிரம்பான் பட்டணத்துக்குப் போகும். டிரைவர் கோவிந்தன் அடுப்பை விசிறிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான்.

“என்னலா டிரசரே, ஆளு ஏத்தணுமா? இன்னும் பத்து நிமிசத்துல கெளம்பிருவேன். அப்புறம் நாளைக்குக் காலைலதான்.”

“இரு, பாத்துட்டுச் சொல்றேன்.”

உங்களுக்கு ஒன்று சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. அதற்கு முந்திய வாரம், வயிற்றுவலி என்று ஒருவனை அதே லாரியில் அனுப்பியிருந்தேன். வழியில் ராசா என்ற ஊரைத் தாண்டுவதற்குள் அவனுக்கு வலி விட்டுப்போய், நடந்தே திரும்பி வந்துவிட்டான். வேலைக்கு ஆள் குறைத்தேன் என்று ஜப்பானிய மேற்பார்வையாளர் பிரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். வலி ஒரு நாளில் போனது. கன்னம் மட்டும் அந்த வாரம் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருந்தது.

அஞ்சலை சுருண்டு படுத்திருந்தாள். புடவையில் பாதியைக் கிழித்து மகளுக்குக் கொடுத்துவிட்டாள். மீதிப் பாதியும் ஒரு சாக்கும்தான் அவள் உடுப்பு. என்னைக் கண்டதும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கம்மா வலிக்குது?”

“எல்லா எடமுந்தாண்ணே. இப்பக் கொஞ்சம் தேவல. வந்து வந்து போவுது.”

வயிறு உப்பியிருந்தது. தொப்புளுக்கு மேலே ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வெளியே கோவிந்தன் இன்ஜினைக் கிளப்பப் பார்த்து அது இருமியது. நான் குழாயை எடுத்துவிட்டேன்.

“தூங்குது,” என்றேன்.

ஆயாம்மா பக்கத்தில் நின்றார். “காலு புண்ணுக்கு நெறியும் கட்டியிருக்குங்கையா. சுண்ணாம்பு தடவி விட்டேன்.”

“யாருக்குத்தான் இல்ல?” என்று சொல்லிக்கொண்டே குப்பியின் கழுத்தை உடைத்தேன்.

கோவிந்தன் வாசற்படியில் வந்து நின்றான். “ஏத்தவா, வேணாமா?”

“வேணாம். ஊசி போட்டாச் சரியாயிடும்.”

அவன் ஒரு கணம் அஞ்சலையைப் பார்த்தான். “பாத்துக்கங்க,” என்று போனான். முனியன் சொன்ன அதே வார்த்தை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் ஊசியை ஏற்றும்போது அஞ்சலை மெதுவாகக் கேட்டாள்: “காத்து ஊசிதானேண்ணே? அந்தப் பக்கம் ஆம்பளைங்கள்ளாம் இருக்காங்க. சத்தம் கேட்டா மானம் போயிடும்.”

“போனா என்ன, உசுரு இருக்கும்ல?” என்றேன். அவளும் சிரித்தாள்.

லாரி சத்தம் மரங்களுக்குப் பின்னால் தேய்ந்தது. கால் மணி நேரத்தில் மருந்து பிடித்தது. அவள் வயிற்றின் மேல் பாம்பு ஊர்வதுபோல் குடல் புடைத்துப் புடைத்து நகர்வதைத் தோலுக்கு மேலேயே பார்த்தேன். அவள் அலறினாள். கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போனது. “வேலை செய்யுது, பொறுத்துக்க,” என்றேன். ஆயாம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு திடீரென்று அலறல் நின்றது. முகம் தெளிந்தது. “அப்பாடா,” என்றாள். “போயிடுச்சுண்ணே. பசிக்கிற மாதிரி இருக்கு.”

நோட்டை எடுத்து நேரத்தைப் போட்டு எழுதினேன்: ‘வலி நின்றது.’

தம்பி தங்கைகளே, அந்த இரண்டு சொல்லை எழுதிய கை இதுதான். காற்று பிரிந்ததா என்று நான் கேட்கவில்லை. பிரியவில்லை. அவள் குடல் கிழிந்திருந்தது. இறுகிப் பிடித்திருந்த குடல் கிழிந்துவிட்டதும் சற்று நேரம் அப்படி ஒரு சுகம் வரும். அது தெரியாமல் அவள் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் ஏறியது, வயிறு பலகையாகிவிட்டது, நாடி நூலாகிவிட்டது. மாட்டு வண்டியில் அப்போதே கிளம்பினாலும் சிரம்பானுக்கு அடுத்த லாரிக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. மறுநாள் காலை அதே லாரியில், மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். கோவிந்தன் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

சிரம்பானில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். மேசையில் கிடத்தியதும் அவர் முதலில் செய்த காரியம், நர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு இடுப்புத் துணியை முழுக்க விலக்கியதுதான். இரண்டு தொடையிடுக்கையும் பார்த்தார். வலது பக்கம், சுண்ணாம்புப் பூச்சுக்குக் கீழே, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி.

“இஞ்ச வாரும்,” என்றார். “கையை வையும். என்ன இது?”

“நெறிங்க. கால் புண்ணுக்குக் கட்டியிருக்கு.”

அவர் அவளுடைய இரண்டு பாதங்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“புண் இடக்கால்ல. கட்டி வலப்பக்கம். எப்பிடி வந்தது?”

நான் கட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

“இது நெறி இல்லை. குடலிறக்கம். குடல் தொடையிடுக்கு ஓட்டைக்குள்ள இறங்கி நெரிபட்டிருக்கு. நேற்று எத்தினை மணிக்கு ஊசி போட்டனீர்?”

சொன்னேன்.

“லொறி எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது?”

அதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கை கழுவப் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். வயிற்றைத் திறந்து தம்மால் ஆனதைச் செய்தார். அஞ்சலை அன்று பிற்பகல் இறந்தாள். நேற்றைய லாரியில் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். “பிழைச்சிருக்கக் கூடும்,” என்றார்.

திரும்பி வந்ததும் ஆயாம்மாவிடம் போய் நின்றேன். அஞ்சலையின் மகள், நாலு வயதுப் பெண், அவர் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“கட்டி வலது பக்கம்னு தெரியுமா ஆயாம்மா?”

“தெரியுமே. நான்தானேய்யா சுண்ணாம்பு தடவினேன்.”

“சொல்லலியே.”

“எந்தப் பக்கம்னு நீங்க கேக்கலியே.” குழந்தையின் மேல் முந்தானையை இழுத்துவிட்டார். “ராவெல்லாம் அவ வயித்துல சத்தம் வந்துச்சு, கொழாயில தண்ணி அடைச்சுக்கிட்டு வர்ற மாதிரி. வரும், அலறுவா, நின்னுடும். அதுவும் நீங்க கேக்கல.”

நான் குழாய் வைத்த நேரம், இரண்டு அலைக்கு நடுவில் இருந்த ஓய்வு. ‘வந்து வந்து போவுது’ என்று அஞ்சலையே சொன்னாள். தூங்குகிற குடல் வந்து வந்து வலிக்காது. வழியடைத்த குடல்தான் முட்டி முட்டிப் பார்க்கும். முட்டும்போது சத்தம் போடும். அடுத்த அலை வரும்வரை குழாயை எடுக்காமல் இருந்திருந்தால் என் காதே எனக்குச் சொல்லியிருக்கும்.

“கதவு பூட்டிக் கெடக்கு,” என்றார் ஆயாம்மா, குழந்தையைத் தட்டிக்கொண்டே. “உள்ள கங்காணி கத்து கத்துன்னு கத்தினா, சனம் எங்கய்யா போவும்? சொவத்தத்தான் ஒடைக்கும்.”

நோட்டில் ‘வலி நின்றது’ என்பதை நான் அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினேன்: ‘குடல் கிழிந்தது. துணியை விலக்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அடுத்த அலைக்குக் காத்திருக்கவில்லை. லாரியை அனுப்பிவிட்டேன்.’ பலித்த மூன்றையும் விட அந்தப் பக்கம்தான் என் ஆராய்ச்சி. மற்றதெல்லாம் தற்பெருமை.

அதற்குப் பிறகு எல்லையை மாற்றினோம். வயிற்றுவலி என்று எந்தப் பெண் வந்தாலும், ஆயாம்மா தலைமாட்டில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார். நான் துணியை விலக்கி இரண்டு பக்கமும் பார்ப்பேன். முதலில் லயத்தில் பேச்சு வந்தது. ‘தங்கமான டிரசருக்கு என்ன ஆச்சு’ என்றார்கள். ஆயாம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்: “மானம் பெருசுன்னு அஞ்சல போனா. ஒங்க மானத்துக்கு நான் காவல். வாங்கடி!” வந்தார்கள். நல்ல பெயரைக் காப்பாற்றுகிறவன் நோயாளியைக் காப்பாற்ற மாட்டான். அந்த ஆசை உங்களுக்கும் வரும், அதனால்தான் சொல்கிறேன். அறை வாங்கிய கன்னத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரி நிற்கும்போது சந்தேகம் வந்தால் ஏற்றிவிடுங்கள். வழியில் குணமாகி நடந்து வந்தால் வரட்டும். இன்னோர் அறை வாங்கிக்கொள்ளலாம்.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதங்கள் கழித்து முனியன் திரும்பி வந்தான். போனவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். கண்ணும் எலும்பும்தான் மிச்சம். ஒரு கோலை ஊன்றிக்கொண்டிருந்தான். லயத்துக்குப் போய்விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மகள் அவனை அடையாளம் தெரியாமல் ஆயாம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. லாரி நின்றது, கோவிந்தன் கேட்டது, நான் வேண்டாம் என்றது, ஊசி, வலது பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் காட்டினேன், அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

“அங்க எங்களுக்கு டிரசரே கெடையாதுண்ணே,” என்றான் கடைசியில். “காச்சல்ல விழுந்தா விழுந்த எடத்துலயே கெடக்க வேண்டியதுதான். படுக்கறப்பல்லாம் நெனச்சுக்குவேன், நம்ம வீட்டாளுங்களுக்கு அங்க டிரசரண்ணன் இருக்காரு, ஒரு கொறையும் வராதுன்னு. அந்த நெனப்புலதான் தூங்குவேன்.”

ஆயாம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

முனியன் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலை என் முன்னால் நீட்டினான். கணுக்காலுக்கு மேலே பெரிய புண், ஈ மொய்த்தது.

“இதக் கொஞ்சம் பாருங்கண்ணே.”

தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் குந்தினேன்.

“வேட்டிய வெலக்கு,” என்றேன்.

“புண்ணு கால்லதானேண்ணே?”

“தெரியும். வெலக்கு.”

அவன் விலக்கினான். இரண்டு பக்கமும் பார்த்தேன்.